கொறங்காடும் கோழிக் கொட்டகையும்

பல்லடத்தில் 40 நாளில் கறி தயாராகிவிடுகிறது. அடுத்த தாலுகாவான காங்கேயத்தில் ஒரு குட்டி ஆடாக வளர ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிய வேண்டும். ஒரே சாலையில் நடக்கும் இரண்டு தொழில்களில் எது நிலைக்கும்?

கோவையிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் 81-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பல்லடத்தை நெருங்கும்போதே நீளநீளமான கொட்டகைகள் தெரியத் தொடங்கிவிடுகின்றன. எல்லாம் கிழக்கு மேற்காகப் படுத்திருக்கின்றன. வெயில் பக்கவாட்டில் உள்ளே விழக் கூடாது, காற்று மட்டும் ஊடுருவிப் போக வேண்டும் என்பதற்காக அப்படி. முழங்கால் உயரத்துக்குக் கட்டைச் சுவர், அதற்கு மேல் கூரை வரை கம்பிவலை, வலையின் மேல் சுருட்டிக் கட்டிய படுதா. எட்டிப் பார்த்தால் தரையே அசைவது போல இருக்கும். தேங்காய் நார்க்கழிவு பரப்பிய தரையின் மேல் ஆயிரக்கணக்கான வெள்ளைக் கோழிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒரு கோழிக்கு ஒதுக்கப்பட்ட இடம் ஏறக்குறைய ஒரு சதுர அடி.

அதே சாலையில் பொங்கலூரையும் அவிநாசிபாளையத்தையும் கடந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் போனால் காங்கேயம். அதற்கும் கிழக்கே வெள்ளகோவில். தெற்கே திரும்பினால் மூலனூர், தாராபுரம். கொட்டகைகள் இங்கே மறைந்துவிடுவதில்லை, ஆனால் கண்ணுக்கு முதலில் படுவது அவையல்ல. சாம்பல் நிறமும் பச்சையும் கலந்த முள்வேலிகள் நிலத்தைச் சதுரம் சதுரமாக வெட்டிப் போட்டிருக்கின்றன. வேலிக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடை விரித்த வேல மரங்கள். மரத்தடியில் பழுப்பு நிறச் செம்மறிகள். ஆள் ஒருவரையும் காணோம். மேய்ப்பவர் இல்லாமல் மேயும் ஆடுகளைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் வியப்பதுண்டு. உள்ளூர்க்காரர்களுக்கு அதில் வியக்க எதுவுமில்லை. வேலிதான் மேய்ப்பன்.

இதற்குக் கொறங்காடு என்று பெயர். கொங்கு நாட்டில் ‘காடு’ என்றால் வனம் அல்ல. மழையை நம்பிய மேட்டு நிலம். கிணற்றுப் பாசனம் உள்ளது ‘தோட்டம்’. தோட்டமாகவும் ஆக்க முடியாமல், ஆண்டுதோறும் விதைக்கிற காடாகவும் கட்டுப்படியாகாமல் கிடந்த சரளை மண்ணை இப்பகுதி விவசாயிகள் மேய்ச்சலுக்கென்றே ஒதுக்கியதில் உருவானது கொறங்காடு. இந்தியாவில் மேய்ச்சல் நிலம் என்றாலே ஊர்ப் பொதுவாகவோ புறம்போக்காகவோ இருப்பதுதான் வழக்கம். கட்ச் பகுதியின் பன்னி புல்வெளியானாலும் ராஜஸ்தானின் ஓரண்களானாலும் அப்படித்தான். காங்கேயம் சீமையில் மட்டும் மேய்ச்சல் நிலம் பட்டா நிலம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சொந்தக்காரர், ஒரு வேலி, ஒரு படல். இந்த முறையில் சுமார் 50,000 ஹெக்டேர் இருக்கிறது என்பது ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வரும் கணக்கு. இன்று அவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள்.

கொறங்காட்டின் கட்டமைப்பு எளிமையானது. மூன்றே செடிகொடிகளின் மேல் அது நிற்கிறது. முதலாவது கொழுக்கட்டைப் புல். ஒருமுறை வேர்பிடித்தால் பல ஆண்டுகளுக்குச் சாகாது. கோடையில் கருகிக் கிடந்தாலும் ஒரு மழை விழுந்தால் போதும், சில நாட்களில் அடிக்குத்திலிருந்து துளிர்த்துவிடும். புல்லுக்கிடையே நரிப்பயறு போன்ற பயறு வகைக் கொடிகள் தாமாகவே படர்ந்து ஆட்டுக்குப் புரதமும் மண்ணுக்குத் தழைச்சத்தும் தருகின்றன. இரண்டாவது வெள்வேல மரம். நிழல் தருவது மட்டும் அதன் வேலையல்ல. புல் தீர்ந்துபோகும் கோடையில்தான் அதன் காய்கள் முற்றி உதிர்கின்றன. காற்று வீசினால் ஆடுகள் மேய்வதை விட்டுவிட்டு மரத்தடிக்கு ஓடுவது அந்தக் காய்களுக்காக. மூன்றாவது முட்கிளுவை. மழைக்கு முன் போத்து வெட்டி நெருக்கமாக ஊன்றி வைத்தால் வேர்விட்டு உயிர்வேலியாகிறது. தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, கறையான் அரிக்காது, திருடிக்கொண்டு போகவும் முடியாது.

ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டியே மழை பெய்யும் பகுதி இது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. ஆகவே கொறங்காட்டை நடத்துவது மழையை வாசிக்கும் வேலை. மழை விழுந்ததும் ஆடுகளை அவிழ்த்துவிட்டுவிடக் கூடாது. புல் கிளம்பிப் பிடித்துக்கொள்ளும் வரை வேறு துண்டில் வைத்திருக்க வேண்டும். விதை உதிரும் வரை ஒரு பகுதியையாவது விட்டுவைக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மண் இறுகிப் போனால் உழுது சோளமோ கொள்ளோ விதைத்து எடுப்பார்கள். அந்த உழவில் புல்லும் புதுப்பிக்கப்படுகிறது; சோளத்தட்டு போராகக் குவிந்து கோடைக்கு உதவுகிறது. ஏக்கருக்கு எத்தனை ஆடு என்பதை அந்தந்த வருஷத்து மேகம் தீர்மானிக்கிறது. மழை பொய்த்தால் ஆட்டை விற்றுவிட வேண்டியதுதான். விற்கத் தெரியாமல் பிடிவாதமாக வைத்திருந்தவர்களின் காட்டில் மறு வருஷம் புல்லும் இல்லை, ஆடும் இல்லை.

சங்கப் பாடல்களிலேயே கொங்கர்கள் ஆநிரையோடுதான் வருகிறார்கள். அந்தத் தொடர்ச்சியின் புகழ்பெற்ற வாரிசு காங்கேயம் காளை. பிறக்கும்போது செவலையாக இருந்து ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும் இந்த இனத்தைப் பேணி வளர்த்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் மந்தை வெள்ளைக்காரர் காலத்திலேயே பேர் பெற்றது. 2017 ஜனவரியில் மெரினா கடற்கரையை நிறைத்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு காங்கேயம் காளையின் திமில் தமிழகத்துச் சுவரொட்டிகளிலும் பனியன்களிலும் ஏறிவிட்டது. ஆனால் அந்தக் காளை எதைத் தின்று வளர்ந்தது என்பது சுவரொட்டியில் வருவதில்லை.

உண்மையில் கொறங்காட்டின் பழைய பொருளாதாரம் பாலும் அல்ல, கறியும் அல்ல. உழைக்கும் மாடு. காளைக் கன்றுகளை இரண்டு வருஷம் காட்டில் மேயவிட்டு, காயடித்து, ஏருக்கும் வண்டிக்கும் கிணற்றில் கவலை இறைக்கவும் பழக்கி விற்பார்கள். கண்ணபுரத்தில் சித்திரை மாதம் மாரியம்மன் திருவிழாவை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தை அதற்காகவே பேர் பெற்றது. கிணற்றுக்கு மின்மோட்டாரும் வயலுக்கு டிராக்டரும் வந்தபின் அந்தக் காளைக்கு வேலை போயிற்று. பால் கணக்குப் பார்த்தால் காங்கேயம் பசு, ஜெர்சிக் கலப்பினத்தின் பக்கத்தில் நிற்க முடியாது. ஆகவே கட்டுத்தரையில் கலப்பினம் வந்து நின்றது. அதைக் கொறங்காட்டில் விட்டு வளர்க்க முடியாது. அதற்குத் தீவனமும் நிழலும் தண்ணீரும் வேளாவேளைக்கு வேண்டும்.

காலியாகிக்கொண்டிருந்த கொறங்காட்டைக் காப்பாற்றியது செம்மறி. குறிப்பாக மேச்சேரி. சேலம் மாவட்டத்து ஊர்ப்பெயரைத் தாங்கிய இந்த ஆட்டுக்கு உரோமம் கிடையாது. இளம்பழுப்புத் தோல், வறட்சி தாங்கும் உடம்பு. அதன் தோலுக்குத் தோல் பதனிடுவோரிடம் தனி மதிப்பு உண்டு. இந்த இனத்துக்கென்றே பொட்டனேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. இன்றைக்குக் கொறங்காட்டுக்காரர் வீட்டில் கல்யாணச் செலவானாலும் கல்லூரிக் கட்டணமானாலும் பட்டியிலிருந்து பத்து உருப்படி போய்விடும். கேட்கச் சங்கடமாக இருந்தாலும் இதுதான் நிலைமை: காங்கேயத்துப் புல்வெளி உயிரோடு இருப்பது கறிக்கடைகளால்தான். ஆட்டுக்கறிக்கு விலை விழுந்தால் அடுத்த மாதமே நிலத்தரகர் வந்துவிடுவார்.

வெள்ளிக்கிழமைகளில் மூலனூர் அருகே கன்னிவாடியில் கூடும் ஆட்டுச் சந்தையில் இந்தப் பொருளாதாரத்தை நேரில் பார்க்கலாம். எடைமேடைக்கு இங்கே அவ்வளவு மரியாதை இல்லை. வியாபாரி ஆட்டின் முதுகுத் தண்டில் விரலை ஓட்டுவார், பின்தொடையைப் பிடித்துப் பார்ப்பார், பல்லைப் பார்ப்பார். அதற்குள் கிலோக் கணக்கு அவர் மனதில் விழுந்துவிடும். பேச்சு ‘ஏனுங்’ என்று மரியாதையாகத்தான் ஆரம்பிக்கும். விலையில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ‘உங்க பக்கம் மழை உண்டுங்களா?’ என்று விசாரிப்பது வெறும் உபசாரம் அல்ல. மழை இல்லாத பக்கத்திலிருந்து வந்தவர் எப்படியும் விற்றுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது வியாபாரிக்குத் தெரியும்.

பல்லடத்து வியாபாரத்தில் மழையை யாரும் விசாரிப்பதில்லை. அங்கே விலையைக் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. பண்ணைக் கொள்முதல் விலையாக அந்த எண் செய்தித்தாள்களிலும் செல்போன்களிலும் பரவுகிறது. பருத்தியும் மஞ்சளும் கைவிட்ட, ஆழ்துளைக் கிணறுகள் வறண்டுபோன கரிசலும் செம்மண்ணும் கலந்த பூமியில் கோழித் தொழில் காலூன்றியதற்குக் காரணம் இருந்தது. ஒரு ஏக்கர் வாழைக்கு வேண்டிய தண்ணீரை நினைத்தால் 5,000 கோழிகள் குடிப்பது ஒன்றுமே இல்லை. வளர்ந்த நிலையில்கூட நாளைக்கு ஒன்றரை ஆயிரம் லிட்டரை ஒட்டி முடிந்துவிடும். 1984-இல் உடுமலைப்பேட்டையில் தொழில் தொடங்கிய சுகுணா நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் ஒப்பந்த முறையைக் கொண்டுவந்தது. பின்னர் பல்லடத்து நிறுவனங்களும் அதைப் பின்பற்ற, அந்த முறை நாடெங்கும் பரவியது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் 12 கோடிக்கும் அதிகமான கோழிகளோடு தமிழ்நாடு முதலிடத்தில் இருந்ததற்கு நாமக்கல் முட்டைக் கோழியும் பல்லடம் கறிக்கோழியுமே முக்கியக் காரணங்கள்.

ஒப்பந்தம் இப்படி இருக்கும். குஞ்சு, தீவனம், மருந்து, மேற்பார்வையாளர் எல்லாம் கம்பெனி. கொட்டகை, மின்சாரம், தண்ணீர், நார்க்கழிவு, ஆள் ஆகியவை விவசாயி. 40 கிராம் எடையில் வந்து இறங்கும் குஞ்சு 40 நாளில் இரண்டு கிலோவைத் தாண்டுகிறது. அதற்கு அது தின்னும் தீவனம் மூன்றரை கிலோவுக்குள். இந்த வேகத்துக்குக் காரணம் ஹார்மோன் ஊசி என்று ஊரெல்லாம் ஒரு நம்பிக்கை, அது தவறு. இரண்டு கிலோ கோழிக்கு ஒவ்வொன்றாக ஊசி போட்டுக் கட்டுப்படியாகாது என்பது சாதாரணக் கணக்கிலேயே தெரியும். காரணம், காப், ராஸ் போன்ற அயல்நாட்டு இனங்களில் பல தலைமுறைகளாக நடந்த மரபுத் தேர்வும் கணக்காகக் கலந்த தீவனமும்தான். கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. நெருக்கத்தில் வளரும் பறவைகளுக்கு நோய் வராமல் இருக்கவும் எடை கூடவும் தீவனத்தோடு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளைக் கலக்கும் பழக்கம் அது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்க வேண்டிய கொலிஸ்டின் என்ற மருந்தே பண்ணைகளில் புழங்கியதால் 2019 ஜூலையில் மத்திய அரசு அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்ய நேர்ந்தது.

கூலிக்கு வருவோம். வளர்ப்புக் கூலி கிலோவுக்கு ஆறரை ரூபாய் அளவிலேயே பல ஆண்டுகளாகத் தேங்கி நிற்கிறது என்பது பண்ணையாளர்களின் நீண்டநாள் குறை. ஆறரை என்றே வைத்துக்கொண்டாலும் 5,000 கோழி, பத்து டன் எடை, ஒரு அணிக்கு 65,000 ரூபாய். மின்கட்டணம், நார்க்கழிவு, ஆள்கூலி, கொட்டகைக் கடனுக்கான தவணை எல்லாம் இதற்குள். கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து ஆறப்போடும் நாட்களையும் சேர்த்தால் வருஷத்துக்கு ஆறு அணி வரலாம். அடுத்த அணிக் குஞ்சை எப்போது இறக்குவது என்பது கம்பெனியின் முடிவு. விலை சரிந்தால் இடைவெளி நீளும். கடன் தவணை நீளாது. அதே சமயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: 2020 பிப்ரவரி, மார்ச்சில் கோழிக்கறியால் கொரோனா பரவுகிறது என்று கிளம்பிய வதந்தியில் பண்ணை விலை அதலபாதாளத்துக்குப் போனபோது கோழியின் நஷ்டத்தைப் பெரும்பாலும் சுமந்தவை கம்பெனிகள்தான். விலையின் ஆபத்து விவசாயிக்கு இல்லை. அதற்குப் பதிலாக அவர் விட்டுக்கொடுத்தது முடிவெடுக்கும் உரிமையை. தன் நிலத்தில், தன் கொட்டகையில், வேறொருவரின் கோழிக்கு அவர் காவல் இருக்கிறார்.

இதைக் கேட்டுவிட்டுக் கொறங்காட்டுக்குக் கொடி பிடிப்பது எளிது. கணக்கு அவ்வளவு எளிதல்ல. இந்தியா 2022-23-இல் உற்பத்தி செய்த இறைச்சி 97.7 லட்சம் டன். அதில் பாதிக்கு மேல் கோழி. இதைப் புல்வெளியிலிருந்து எடுக்க முடியாது. மேச்சேரிக் குட்டி காட்டு மேய்ச்சலில் ஒரு வயதில் 20 கிலோவை எட்டினாலே பெரிய விஷயம். அறுத்தால் கறி அதில் பாதிக்கும் குறைவு. ஆட்டுக்கறி கிலோ 800 ரூபாயைத் தாண்டிப் பல காலம் ஆயிற்று. கறிக்கோழி அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வாரக்கூலி வாங்கும் குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டியில் கறி வேகிறதென்றால் அது பல்லடத்துக் கொட்டகையின் புண்ணியம். தவிர, கிலோ கறிக்கு இவ்வளவு வாயு என்று கணக்குப் போடும் தட்பவெப்ப விஞ்ஞானிகளின் பட்டியலிலும் அசைபோடும் ஆட்டைவிடக் கோழிக்குத்தான் நல்ல மதிப்பெண்.

ஆனால் அந்தக் கணக்கில் விட்டுப்போவதும் உண்டு. கோழியின் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம், அடுத்தது சோயாப் புண்ணாக்கு. இரண்டிலும் பெரும்பங்கு பல்லடத்தில் விளைவதில்லை. கர்நாடகம், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், பீகார் என்று எங்கோ மழை பெய்து எங்கோ விளைந்து லாரியில் வருபவை. எங்கோ ஒரு கொள்கை மாறினாலும் இங்கே தீவன ஆலை ஆட்டம் காண்கிறது. 2021-இல் சோயாப் புண்ணாக்கு விலை ஏறியபோது மரபணு மாற்றப்பட்ட சோயாவின் புண்ணாக்கை முதன்முறையாக இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கு மக்காச்சோளம் போகத் தொடங்கியபின் கோழியும் காரும் ஒரே மூட்டைக்குப் போட்டி போடுகின்றன. 2024-இல் இந்தியா மக்காச்சோளத்தை ஏற்றுமதியைவிட அதிகமாக இறக்குமதி செய்யும் நாடாகவே மாறியது. செம்மறிக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. அது தின்னும் கொழுக்கட்டைப் புல்லை மனிதரும் தின்ன முடியாது, காரும் தின்ன முடியாது. அந்தச் சரளை மண்ணில் வேறெதையும் அந்த மழைக்கு விளைவிக்கவும் முடியாது.

ஆகவே எது சிறந்தது என்று பட்டிமன்றம் நடத்துவதில் அர்த்தமில்லை. ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. கேள்வி வேறு: ஒன்றுக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்பங்காவது மற்றதற்கு ஏன் கிடைக்கவில்லை? கோழிக் கொட்டகை கட்ட வங்கிக் கடன் உண்டு, அதற்குத் திட்டம் உண்டு. கிளுவை வேலி போட எந்த வங்கியும் கடன் கொடுப்பதில்லை. ஆடு வளர்ப்புக்கு மானியம் இல்லாமல் இல்லை; தேசிய கால்நடை இயக்கத்தில் 2021 முதல் பெரிய ஆட்டுப் பண்ணைகளுக்குப் பாதி மூலதனமே மானியமாகக் கிடைக்கிறது. ஆனால் அந்தத் திட்டங்களின் மனதில் இருப்பது பெரும்பாலும் பரண்மேல் ஆடு, வெட்டிப் போடும் தீவனம், அடைத்து வளர்க்கும் கொட்டகை. அதாவது ஆட்டையும் கோழியைப் போல வளர்க்கும் யோசனை. வருவாய்த் துறைப் பதிவேட்டிலோ கொறங்காடு என்றொரு இனமே கிடையாது. அது வெறும் புன்செய். மேய்ச்சல் புறம்போக்கு என்று எழுதப்பட்ட நிலத்தை ஆக்கிரமித்தால் வழக்குப் போடலாம். பட்டா நிலத்தில் ஒருவர் தன் புல்லை உழுது மனையாக்கினால் யாரும் கேட்க முடியாது.

அப்படித்தான் ஆகிக்கொண்டும் இருக்கிறது. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தின் கடைமடை எட்டிய இடங்களில் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கையிலேயே பல காடுகள் தோட்டமாக மாற்றப்பட்டன. தண்ணீர் எல்லா வருஷமும் வருவதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைத் தேடி வந்த காற்றாலைகள் தாராபுரம், குண்டடம் பக்கம் நிலவிலையை ஏற்றின. இப்போது சூரிய மின்தகடுகள். காங்கேயத்துக்கு அரிசி ஆலைகளும் தேங்காய்க் களங்களும், வெள்ளகோவிலுக்கு விசைத்தறியும் பிழைப்புத் தருகின்றன. ஒருவகையில் கொறங்காட்டு ஆட்களை இழுத்துக்கொண்டதும் அவைதான். பாகப்பிரிவினையில் 20 ஏக்கர் ஐந்தைந்து ஏக்கராகப் பிரிந்தபின் மேய்ச்சலைத் துண்டு மாற்றி நடத்தும் வசதியும் போய்விட்டது. வெளியூரில் வேலைக்குப் போனவர்கள் காட்டைக் குத்தகைக்கு விடுகிறார்கள். ஒரு வருஷக் குத்தகைக்காரர் புல்லை மொட்டையடித்துவிட்டுத்தான் போவார். அடுத்த வருஷத்து விதையைப் பற்றி அவர் ஏன் கவலைப்பட வேண்டும்?

குட்டப்பாளையத்தில் உள்ள சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் மாட்டினத்தோடு சேர்த்துக் கொறங்காட்டையும் காப்பாற்ற வேண்டும் என்று பேசி வருகிறது. மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான சர்வதேச ஆண்டாக 2026-ஐ ஐக்கிய நாடுகள் சபை 2022-லேயே அறிவித்துவிட்டது. அது காங்கேயம் தாலுகா அலுவலகம் வரை வந்து சேருமா என்பது தெரியாது. வேடிக்கை என்னவென்றால், கொறங்காட்டு விவசாயிக்கும் கோழிப் பண்ணை விவசாயிக்கும் இடையே பகை எதுவும் இல்லை. பல இடங்களில் இருவரும் ஒருவரே. காட்டின் மூலையில் ஒரு கொட்டகை. கோழி எருவைத் தோட்டத்துக்குப் போடலாம், அணி முடிந்தால் கையில் காசு வரும். மீதிக் காட்டில் ஆடு. சாப்பாட்டு நேரத்தில் அந்த வீட்டில் வேகும் கறி எதுவென்று கேட்கக் கூடாது. சொந்தக் கொட்டகைக் கோழியை அவர்கள் அவ்வளவு விரும்பிச் சாப்பிடுவதில்லை.

இரண்டு தொழில்களும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டது எதிர்பாராத ஓரிடத்தில். சில ஆண்டுகளாகக் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரங்களில் தெருநாய்கள் கூட்டமாக இரவில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்கின்றன. ஒரே இரவில் பத்து, இருபது என்று சாகும். தின்பதற்காக மட்டும் அவை கடிப்பதில்லை. மிரண்டு ஓடும் மந்தையைத் துரத்தித் துரத்திக் குதறிவிட்டுப் போகின்றன. இறைச்சிக் கடைக் கழிவுகளையும் செத்த கோழிகளையும் சாலையோரத்திலும் ஓடையிலும் கொட்டுவதால்தான் நாய்கள் பெருகி, ரத்த ருசி கண்டுவிட்டன என்பது ஆட்டுக்காரர்களின் குற்றச்சாட்டு. செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி அவர்கள் மறியல் செய்தார்கள். நாய் கடித்துச் சாகும் கால்நடைகளுக்கு 2025-இல் தமிழக அரசு இழப்பீடு அறிவித்தது. சினை ஆடு செத்தால் உள்ளே இருந்த குட்டிக்குக் கணக்கு உண்டா என்பது அறிவிப்பு வந்ததும் கிளம்பிய முதல் சந்தேகம்.

பட்டியில் விளக்குப் போட்டு, பக்கத்தில் கட்டில் போட்டு ஆள் படுக்க வேண்டியதாகிவிட்டது. ஆளில்லாமல் மேய்ப்பதற்கென்றே உருவான முறைக்கு இப்போது ராக்காவல் கூலி ஒரு புதுச் செலவு. கிளுவை வேலி அடியிலிருந்து அடர்த்தியாக இருந்தால் நாய் நுழையாது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். வருஷாவருஷம் கவாத்து செய்து, விழுந்த இடத்தில் முள் அடைத்து, மழைக்கு முன் புதுப் போத்து ஊன்றிக்கொண்டே இருந்தால்தான் வேலி அப்படி நிற்கும். வேலி கட்டத் தெரிந்த கைகள் பெரும்பாலும் கூலிக்காரர்களுடையவை. அவர்களின் பிள்ளைகள் காலையில் கம்பெனி வேனில் ஏறித் திருப்பூர் போய்விடுகிறார்கள். இந்த ஆடியில் ஊன்றும் போத்து வேர்பிடித்து, குட்டி தலைநுழைக்க முடியாத அளவுக்கு அடர்ந்து வருவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை கம்பிவலைதான்.